நாய்க் காது சுத்தம்: அறிகுறி பார்த்துக் கை வைக்கும் முறை

நாயின் காதுக் குழாய் நம்முடையதைப் போல ஏறக்குறைய நேராக உள்ளே போவதில்லை. ‘ட’ எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காது மடலின் அடியில் தொடங்கிக் கீழே இறங்கும். தாடைக்குப் பக்கத்தில் வந்ததும் உள்பக்கமாக மடங்கும். அந்தப் படுக்கைக் கோட்டின் முடிவில் செவிப்பறை இருக்கிறது. வீட்டில் காது சுத்தம் செய்யும்போது நேரும் தவறுகள் பெரும்பாலும் இந்த மடிப்பை மறப்பதால் வருபவை. பட்ஸ் விட்டுக் குடைந்தால், மேலே இருந்த குறும்பி மடிப்புக்குள் போய் அடைத்துக்கொள்ளும். குளிப்பாட்டும்போது இறங்கிய தண்ணீர் அவ்வளவு எளிதில் வெளியே வராது. அழுக்கை மேலே கொண்டுவரத் திரவம் அதை இளக்க வேண்டும், பிறகு நாய் தலையை உதறி வெளியே வீச வேண்டும். மேலே வந்ததைத் துடைப்பது மட்டுமே நம் விரலின் வேலை.

தொடங்கும் முன் நல்ல வெளிச்சத்தில் மடலைத் தூக்கிப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். நலமான காது வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். கொஞ்சம் வெளிர்பழுப்புக் குறும்பி இருக்கலாம். மூக்கைச் சுளிக்கவைக்கும் வாடை இருக்காது. காது இப்படி நலமாக இருந்தால் மடலை இறக்கிவிட்டு வேறு வேலை பாருங்கள். நலமான காதை வாரம் இரண்டு முறை கழுவினால் உள்தோல் ஊறி நைந்துபோகும், கிருமி குடியேற அதுவே இடமாகும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம்மூர் நாய்கள் பலவற்றுக்குக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். காது தொங்கும் லேப்ரடார், காக்கர் ஸ்பானியல், பீகிள், உள்ளே முடி அடர்ந்த ஷிட்ஸூ, பூடில் ஆகியவற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். அழுக்கு தெரிந்தால் மட்டும் கழுவுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று அமையும்.

இந்தக் காதுகளில் எதையும் ஊற்றாதீர்கள்

தொட்டாலே கத்துகிற காது, சீழோ ரத்தமோ வடிகிற காது, குழாய் வாய் வீங்கித் துளையே தெரியாத காது, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி நடக்கும் நாயின் காது. இவற்றில் செவிப்பறை கிழிந்திருக்க வாய்ப்புண்டு. கிழிந்திருந்தால் நீங்கள் விடும் திரவம் நடுச்செவிக்குள் இறங்கும். குளோர்ஹெக்சிடின் கலந்த சுத்தத் திரவமும், ஜென்டாமைசின் போன்ற மருந்து கலந்த சொட்டுகளும் உள்ளே போனால் கேட்கும் திறனையும் உடல் சமநிலையையும் கெடுக்கக்கூடும். செவிப்பறை மடிப்புக்கு அப்பால் இருப்பதால் டார்ச் அடித்தாலும் உங்களுக்குத் தெரியாது. மருத்துவரே ஓட்டோஸ்கோப் என்ற காது பார்க்கும் கருவியை விட்டுத்தான் பார்க்கிறார். வலி இருந்தால் நேராக மருத்துவரிடம் போங்கள்.

வலி இல்லை, வெளிர்பழுப்புக் குறும்பி சேர்ந்திருக்கிறது

வீட்டில் துணிந்து செய்யக்கூடிய முழுச் சுத்தம் இது ஒன்றுதான். மற்ற அறிகுறிகளிலும் மருத்துவர் “கழுவிவிட்டுச் சொட்டு விடுங்கள்” என்றால் இதே முறைதான். ஆகவே ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

வேண்டிய சாமான் மூன்று: நாய்க்கென்று விற்கும் இயர் கிளீனர், பஞ்சு உருளை அல்லது காஸ் துணி, பழைய துண்டு. இயர் கிளீனரில் சாலிசிலிக் அமிலம் அல்லது லாக்டிக் அமிலம் இருந்தால் குறும்பியை இளக்கும், காதையும் சீக்கிரம் உலரவைக்கும். அது கிடைக்காத ஊரில் மெடிக்கல் ஷாப்பில் 0.9 சதவீத நார்மல் சலைன் 100 மில்லி பாட்டில் வாங்கலாம். தூசியையும் இளகிய அழுக்கையும் அது கழுவும், கெட்டியான குறும்பியைக் கரைக்காது. சலைனில் கிருமி தடுக்கும் பொருள் எதுவும் இல்லை. திறந்த பாட்டிலில் மிஞ்சியதை அன்றே கொட்டிவிடுங்கள்.

காதில் விடக் கூடாதவை: ஹைட்ரஜன் பெராக்சைடு, சர்ஜிக்கல் ஸ்பிரிட், வினிகர், டீ ட்ரீ எண்ணெய். முதல் மூன்றும் சிவந்த தோலில் பட்டால் எரியும். எரிந்த ஞாபகத்தில் நாய் அடுத்த முறை காதையே காட்டாது. டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை விடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எண்ணெய் மடிப்பில் தேங்கிக் குறும்பியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பிறகு விடுகிற மருந்தும் தோலைத் தொடாது.

பாட்டிலை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். குளிர்ந்த திரவம் உள்ளே இறங்கினால் நாய்க்குத் தலை சுற்றும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சூடும் குளிரும் தெரியாவிட்டால் சரியான பதம். நாயைச் சுவர் ஓரமாகவோ மூலையிலோ உட்காரவையுங்கள். பின்னால் நகர இடமிருந்தால் பாதி திரவம் உங்கள் சட்டையில்தான்.

மடலை மேல்நோக்கி, தலையிலிருந்து சற்று விலக்கிப் பிடியுங்கள். குழாய் கொஞ்சம் நிமிரும். பாட்டில் மூக்கு காதில் படாமல், குழாய் விளிம்பு வரை நிரம்பத் திரவம் விடுங்கள். சின்ன நாய்க்கு 2 முதல் 3 மில்லி, லேப்ரடார் அளவுக்கு 5 முதல் 10 மில்லி வரை பிடிக்கும். பலர் தவறுவது இங்கேதான்: நான்கைந்து சொட்டு விட்டு நிறுத்திவிடுவார்கள். அது மேல்பக்கத்தை நனைக்கும், அடியில் இருப்பதைத் தொடாது.

மடலை விடாமல் மறு கையால் காதின் அடிப்பகுதியைத் தடவுங்கள். தாடைக்கு மேலே ரப்பர் குழாய் போல ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து 20 முதல் 30 விநாடி மெல்லப் பிசையுங்கள். ‘சளக் சளக்’ என்று சத்தம் கேட்டால் திரவம் கீழே போயிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் இன்னும் விட வேண்டும், அல்லது நீங்கள் மடலைப் பிசைந்துகொண்டிருக்கிறீர்கள்.

இப்போது கையை எடுத்துத் துண்டைத் தூக்கிப் பிடியுங்கள், நாய் உதறட்டும். உதறி முடித்ததும் விரலில் பஞ்சைச் சுற்றி, விரல் தானாகப் போகிற ஆழம் வரை மட்டும் துடையுங்கள். பஞ்சில் அழுக்கு வந்தால் திரும்பச் செய்யலாம். ஓர் உட்காரலில் ஒரு காதுக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம், மீதியை மறுநாள் பார்க்கலாம். மறு காதுக்குப் புதுப் பஞ்சு. ஒரு காதில் துடைத்ததை மற்றதில் போட்டால் தொற்றைக் கையால் கொண்டுபோய் வைத்ததாகும். பாட்டில் மூக்கு தப்பித் தவறிக் காதில் பட்டால் துடைத்துவிட்டு மூடுங்கள்.

மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்திருந்தால், கழுவிய 10 முதல் 15 நிமிடம் கழித்து விடுங்கள். ஈரத்தோடு விட்டால் மருந்து நீர்த்துப்போகும்.

சுத்தம் செய்த பிறகும் உதறல் நிற்கவில்லை

கால் மணி நேரம் உதறுவது இயல்பு. மறுநாளும் உதறினால் மூன்று காரணங்களைப் பாருங்கள். திரவம் உள்ளே மிச்சம் இருக்கலாம்: அடிப்பகுதியைப் பிசைந்தால் சத்தம் வரும். பஞ்சை வைத்து ஒற்றி, இன்னொரு முறை உதறவிடுங்கள். திரவம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்: காலையில் வெளிர்ந்திருந்த தோல் மாலையில் செக்கச்செவேல் என்று இருக்கும். ஆல்கஹால் சேர்ந்த திரவங்களில் இது சாதாரணம். அதை நிறுத்திவிட்டு, மருத்துவரைக் கேட்டு வேறு ஒன்றுக்கு மாறுங்கள். மூன்றாவது காரணம், குறும்பி உள்ளே தள்ளப்பட்டிருப்பது. பட்ஸ் பயன்படுத்தியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கட்டி இறுகியிருந்தால் மருத்துவமனையில் மயக்கம் கொடுத்துக் கழுவத்தான் வேண்டியிருக்கும்.

சுத்தம் செய்தவுடன் கூப்பிட்டால் திரும்பவில்லை, அல்லது தள்ளாடுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அன்றே காட்டுங்கள், விட்ட பாட்டிலையும் கையில் கொண்டுபோங்கள்.

குளித்த மறுநாள் காதில் ஈர வாடை

தண்ணீர் தேங்கியிருக்கிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் என்பதால் தொங்குகாது உலர நாளாகும். சாலிசிலிக் அமிலம் உள்ள திரவம் ஒருமுறை விட்டு உதறவைத்தால் போதும். ஹேர் டிரையர் காதுக்குள் அடிக்காதீர்கள். சூடு படும், சத்தத்தில் நாய் மிரளும். அடுத்த குளியலில் நெல்லிக்காய் அளவு பஞ்சை ஒவ்வொரு காதின் வாயிலும் வையுங்கள். அளவு சிறிதானால் உள்ளே நழுவிவிடும். குளித்து முடித்ததும் இரண்டையும் எண்ணி எடுங்கள்.

பிசுபிசுப்பான பழுப்பு அழுக்கு, புளித்த மாவு வாடை

மலசேசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. நாயின் தோலில் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதான். ஈரமும் சூடும் எண்ணெய்ப்பசையும் கூடும்போது பெருகிவிடும். நாய் காதைத் தரையில், சோபா ஓரத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கும். மடலின் உட்தோல் நாளடைவில் தடித்துக் கறுக்கும். திரவம் விட்டுக் கழுவினால் இரண்டு நாள் வாடை அடங்கும், மூன்றாம் நாள் திரும்ப வரும். அது கழுவலின் குற்றமல்ல. பூஞ்சைக்கு மருந்து தேவை. மருத்துவர் குச்சியில் அழுக்கு எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். சில நிமிட வேலை. இருப்பது பூஞ்சையா, பாக்டீரியாவா, இரண்டுமா என்று அதில் தெரிந்துவிடும். போன வருடம் வாங்கி மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை இந்த வருடக் காதில் விடாதீர்கள்.

காப்பித்தூள் போல உதிரும் கருப்பு அழுக்கு, ஓயாத சொறிதல்

குட்டிகளில், தெருவிலிருந்து எடுத்துவந்த நாய்களில், பூனையும் இருக்கிற வீடுகளில் இப்படி என்றால் காது மைட் என்ற சிற்றுண்ணியைச் சந்தேகியுங்கள். அழுக்கைக் கருப்புத் தாளில் தட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் நகர்வது சில சமயம் தெரியும். தெரியாததால் இல்லை என்று ஆகாது. முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிட அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம். சொறிதல் நின்ற ஐந்தாம் நாளே மருந்தை நிறுத்தினால், முட்டையிலிருந்து வந்தவை திரும்பத் தொடங்கிவிடும். வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் சேர்த்து வைத்தியம் செய்ய வேண்டும். ஆனால் நாய்க்கான பூச்சி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள்: அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைக் கடையில் கேட்டு வாங்கி நீங்களே அளவு பார்த்துக் கொடுப்பதும் ஆபத்து. கோலி வகை நாய்களுக்கும் அவற்றின் கலப்புக்கும் அது மூளையைத் தாக்கக்கூடும்.

மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், அழுகல் நாற்றம்

பாக்டீரியாத் தொற்று, வலியும் இருக்கும். வீட்டில் செய்யக்கூடியது வெளியே மடலில் ஒட்டியதை சலைன் நனைத்த பஞ்சால் துடைப்பது மட்டுமே. பல மருந்துகளுக்கு அசையாத சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இதில் அடிக்கடி இருக்கும். எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்ப்புச் சோதனை செய்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சொட்டு மருந்தாக மாற்றி மாற்றிப் பார்ப்பது, மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்ப்பதாகும். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் இந்தச் சோதனை வசதி உண்டு.

காதுக்குள் உண்ணி

மடலின் மடிப்பிலும் குழாய் வாயிலும் உண்ணி ஒட்டிக்கொள்வது நம்மூரில் ஓயாத தொல்லை. மண்ணெண்ணெய், கற்பூரத் தைலம், தீக்குச்சிச் சூடு எதுவும் வேண்டாம். முனை மெலிந்த ட்வீசரால் தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பக்கத்தில் பிடித்து, திருகாமல் நிதானமாக நேரே இழுங்கள். வயிற்றில் பிடித்து நசுக்கினால் அதன் உள்ளிருப்பது காயத்துக்குள் போகும். எடுத்ததைக் கையால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். எடுத்த இடத்தைச் சலைனால் துடைத்தால் போதும். குழாய்க்குள் ட்வீசர் எட்டாத ஆழத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள், அது மருத்துவரின் வேலை. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் நாய் சாப்பிடாமல் சோர்ந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ உண்ணிக் காய்ச்சல் என்று எண்ணி ரத்தம் சோதியுங்கள். ஒரு காதில் பத்து உண்ணி இருந்தால் வீட்டுச் சுவர் வெடிப்பிலும் கூண்டின் சந்திலும் அதைவிடப் பல மடங்கு இருக்கும். பிடுங்கிக்கொண்டே இருந்து தீராது. நாயின் எடைக்கேற்ற உண்ணித் தடுப்பு மருந்தைத் தவறாமல் தொடர்வதும், அது படுக்கும் இடத்தைச் சுத்தம் செய்வதும்தான் வழி.

நேற்றுவரை ஒன்றுமில்லை, இன்று ஒரே காதை ஓயாமல் உதறுகிறது

புல்வெளியிலோ தரிசுக் காட்டிலோ ஓடிவிட்டு வந்ததா? ஊசிப்புல், ஒட்டுப்புல் விதைகள் முள் போல ஒரே திசையில் நகரும். குழாய்க்குள் போனால் பின்வாங்காது, செவிப்பறையையும் துளைத்துவிடும். மேலே கண்ணுக்குத் தெரிந்தால் எடுத்துவிடலாம். தெரியாவிட்டால் திரவம் ஊற்றி மிதக்கவைக்க முயல வேண்டாம். நனைந்த விதை இளகி இன்னும் உள்ளே போகும். அன்றைக்கே காட்ட வேண்டிய அறிகுறி இது.

மடல் தலையணை போல வீங்கியிருக்கிறது

பலமாக உதறியதில் மடலின் உள்ளே ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் தேங்கியிருக்கிறது. ஊசியால் குத்தி வடிக்காதீர்கள். திரும்ப நிரம்பும், தொற்றும் சேரும். அப்படியே விட்டால் மடல் சுருங்கிக் கோணிப்போகும். மருத்துவரிடம் போகும்வரை மடலைத் தலையோடு சேர்த்து, மூச்சு இறுகாமல் தளர்வாகத் துணி சுற்றினால் மேலும் உதறி உடைவது குறையும். வீக்கத்தோடு அதை உண்டாக்கிய காது நோயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

காதில் புழு

மடல் நுனியில் ஈ கடித்த சின்னப் புண்ணில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் புழு வைத்துவிடும். தெரு நாய்களில் அடிக்கடி காண்கிறோம். டர்பன்டைன் எண்ணெயைக் காதுக்குள் ஊற்றினால் புழு சாவதற்கு முன் நாய் துடித்துப்போகும், செவிக் குழாயும் வெந்துவிடும். வெளிப்புண்ணில் தெரியும் புழுவைக் கையுறை போட்டு ட்வீசரால் எடுத்துவிட்டு, ஈ மொய்க்காமல் மூடி, மருத்துவரிடமோ விலங்கு நல அமைப்பிடமோ சேர்த்துவிடுங்கள். பழகாத நாயின் வலிக்கிற காதைத் தொடும்போது அது கடிக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடிபட்டால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள்.

தலை சாய்வு, வட்டமடித்தல், விழி துடித்தல்

தொற்று நடுச்செவி, உட்செவி வரை போயிருக்கலாம். முகத்தின் ஒரு பக்கம் தொங்குவதும் இதோடு வரும். எதையும் விடாமல், நாய் மாடிப்படியில் விழாமல் பார்த்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

குணமாகிறது, இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது

இங்கே நோய் காதில் மட்டும் இல்லை. பாதத்தை நக்குகிறதா, வயிற்றுத் தோல் சிவக்கிறதா, அக்குளைச் சொறிகிறதா என்று பாருங்கள். உண்டென்றால் ஒவ்வாமை. வீட்டுத் தூசி, மகரந்தம், தெள்ளுப்பூச்சி, உணவு எதுவாகவும் இருக்கலாம். உணவைச் சந்தேகித்தால் மருத்துவர் சொல்லும் உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் பாட்டி போடும் ஒரு பிஸ்கட்டும் அந்த எட்டு வாரத்தை வீணாக்கிவிடும். ஆகவே வீட்டில் எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவையுங்கள். வயதான நாய்க்குத் தைராய்டு குறைவும் காரணமாகலாம். ஷிட்ஸூ, பூடில் காதில் உள்ள முடியைத் தொல்லை இல்லாதபோது பிடுங்காதீர்கள். பிடுங்கிய ஒவ்வொரு துளையும் ஒரு சின்னப் புண்.

பாட்டிலைக் கண்டாலே ஓடுகிறது

முன்பு எப்போதோ வலித்திருக்கிறது. அமுக்கிப் பிடித்து முடிப்பதால் அன்றைய வேலை தீரும், அடுத்த பத்து வருடம் போராட்டம். ஒரு வாரம் தினமும் மடலைத் தூக்கிப் பார்த்து ஒரு வாய் தீனி. அடுத்த வாரம் மூடிய பாட்டிலைக் காதருகே காட்டித் தீனி. பிறகு திரவம் நனைத்த பஞ்சைக் காதின் வாயில் வைத்து அடிப்பகுதியைப் பிசையுங்கள். ஊற்றுவதை விட மிரட்சி குறைவு. நன்றாகப் பழகியிருந்த நாய் திடீரென்று காட்ட மறுத்தால் அது பிடிவாதமல்ல, உள்ளே வலி.

மருத்துவரிடம் போவதென்று முடிவானால், அதற்கு முன் இரண்டு நாள் காதைக் கழுவாதீர்கள். சுத்தமாகக் காட்ட வேண்டும் என்று கழுவிக்கொண்டு போனால் மைக்ராஸ்கோப்பில் பார்க்க அழுக்கே மிஞ்சாது. என்றிலிருந்து, எந்தக் காது, என்ன விட்டீர்கள், கடைசியாக எப்போது நீரில் இறங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.